நூல் கனத்துப் பளபளப்பு

சுத்தியல் வலது கையில் இருக்கிறது, இரும்பு தண்டவாளத் துண்டின் மேல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கிற கொஞ்சூண்டு காற்றில் பல் டாக்டர் அங்கயற்கண்ணி மாட்டிக்கொண்டிருக்கிறாள். அடிக்க வேண்டியதுதானே. அடிக்கலாம். இதோ அடிக்கப்போகிறாள். காலையில் இட்லியைக்கூட நின்ற வாக்கில் விழுங்கிவிட்டு இந்தப் பின்னறைக்குள் புகுந்தது அடிப்பதற்குத்தான். புகுந்தவள் மேஜையைத் துடைத்தாள், தண்டவாளத் துண்டைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள், நடுவில் போய் மீன் குழம்பு வைத்தாள், பரிமாறினாள், பாத்திரத்தை ஊறப்போட்டாள், திரும்பி வந்து மின்விசிறியை நிறுத்தினாள். சீவிய மரச்சுருள் பறந்துவிடக் கூடாதாம். சுருளாம், பறக்குமாம். இன்னும் இரும்புக்கே விடிவுகாலம் வரவில்லை, அதற்குள் சுருளுக்குக் காற்று பட்டுவிடுமோ என்று கவலை. அவளுக்கே சிரிப்பு வருகிறது. ஹாலில் அவள் கணவன் மாசிலாமணி, மின்வாரியத்தில் இன்ஜினீயர், கிரிக்கெட் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். குரோம்பேட்டையே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் கனத்தில் கண்ணயர்ந்து கிடக்கிறது. இவள் ஒருத்திக்குத்தான் வயிற்றுக்குள் குறுகுறுக்கிறது. பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்றால் இப்படி உள்ளங்கால் வரைக்கும் சிலிர்க்காது. முதன்முதலாக ஒரு நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லி ஊசியோடு இவள் குனிந்த நாளில் இப்படி இருந்தது. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் எதற்கும் இப்படி இருந்ததில்லை, கல்யாணம் உட்பட. அதை மாசிலாமணியிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்கும் அப்படித்தான் என்பார். அடி. அடி, கயலு. சுத்தியல் இறங்க மாட்டேன் என்கிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இதைப் பார்த்த அன்றும் இதே குறுகுறுப்புதான். மாசிலாமணி பழைய மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரனோடு வழக்காடிக்கொண்டிருந்தார். இவள் காலடியில், உடைந்த மிக்ஸிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், செங்கல் நீளத்துக்கு ஒரு கட்டை, அதன் நடுவே சாய்வாகச் செருகின ஒரு தடித்த இரும்பு. கைப்பிடி இல்லை, திருகாணி இல்லை. நின்றுபோன அலாரம் கடிகாரத்தை முடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரன், கப்பல்காரன் சாமான்மா, பேப்பர் வெயிட்டா வச்சுக்கலாம் என்றான். இரும்பின் தலையில் துருவுக்கு அடியில் ஏதோ கீறிய எழுத்து, ஜப்பான் எழுத்து. வீட்டுக்கு வந்து தேடினால், இழைப்புளி. ஜப்பான்காரர்களின் இழைப்புளி. நம் ஊர் ஆசாரி தள்ளி இழைப்பதை அவர்கள் தன்னைப் பார்க்க இழுத்து இழைக்கிறார்கள். வீடியோவில் ஒரு கிழவர் பலகை ஓரத்தில் நின்று அதை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தார், அவர் நடக்க நடக்கக் கட்டையின் வாயிலிருந்து சேலைத் தலைப்பு மாதிரி ஒன்று எழுந்து வந்துகொண்டே இருந்தது, அதன் வழியே பின்னால் இருந்த ஜன்னல் தெரிந்தது. மரத்துக்குள்ளிருந்து ஜன்னல் தெரியுமா? அன்றைக்கு இரவு அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தள்ளுவது எல்லாருக்கும் தெரியும், ஸ்டூலைத் தள்ளு, கூட்டத்தைத் தள்ளு, நாளைத் தள்ளு. இழுப்பது வேறு. இழுத்தால் வருவது நம் மேலேதான் வரும். அதுவும் நல்லாத்தான் இருக்கு, என்று நினைத்தாள். ஆசை பிடித்துக்கொண்டால் அவளை யார் நிறுத்துவது. சாணைக்கல் வந்தது, இன்னும் மெல்லிய சாணைக்கல் வந்தது, துரு போனது, தையல் மிஷின் எண்ணெய் குடித்துக் குடித்துக் கட்டை கறுத்து மினுங்கியது, டிரான்ஸ்பார்மர் வந்திறங்கிய பெட்டியிலிருந்து நல்ல பைன் பலகை ஒன்றை மாசிலாமணி ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். எல்லாம் வந்தது, சுருள் மட்டும் வரவில்லை. காரணம் வேறு யாரும் இல்லை, இவளேதான்.

இந்த இரும்பு ஒரே இரும்பு இல்லை. மேலே தடியாக மெத்தென்ற இரும்பு, அதன் முதுகில் ஒட்டினாற்போல மெல்லிய ஒரு ஏடு மட்டும் எஃகு, கண்ணாடி மாதிரிக் கெட்டி, கண்ணாடி மாதிரியே உடையவும் தெரிந்தது. முதல் தடவை வெட்டு ஓரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இது பல். மேலே எனாமல், உள்ளே டென்டின். கெட்டியானது வெட்டும், மெத்தென்றது அடியைத் தாங்கிக்கொள்ளும். எவனோ ஒரு கொல்லன், கடவுள் பல்லைச் செய்த யோசனையையே செய்திருக்கிறான். அந்த எஃகு முதுகில் நடுவே லேசாகக் குழித்து வைத்திருப்பார்கள், ஓரத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு தட்டை விளிம்பு நிற்கும், அந்த விளிம்புதான் உயிர், அது கல்லில் படிந்தால்தான் கூர் பிறக்கும். துரு போகட்டும் போகட்டும் என்று, மினுங்கட்டும் மினுங்கட்டும் என்று, கல் கிடைத்த சந்தோஷத்தில் முதுகையே தேய் தேய் என்று தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அந்த விளிம்பே காணாமல் போயிற்று. குழி நேராக ஓரத்தில் போய்த் திறந்துகொண்டது. ஓட்டைப் பல் மாதிரி. கல்லூரியில் பாடம் எடுத்த நாளில் மாணவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள், நோயைத் தோண்டு, பல்லைத் தோண்டாதே என்று. சொன்னவளே தோண்டினாள். இனி ஒரே வழிதான் இருக்கிறது. வெட்டு ஓரத்துக்குச் சரிந்திறங்கும் பக்கத்தில், எஃகுக்கு மேலே இருக்கிற மெத்தென்ற இரும்பில், சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, அடியில் இருக்கிற எஃகை ஒரு மயிரிழை கீழே தள்ள வேண்டும். தள்ளினால் விளிம்பு மறுபடி முளைக்கும். கை கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து அடி எஃகில் விழுந்தால் விரிசல். விரிசல் விட்ட எஃகு விட்டதுதான், அதற்கு ரூட் கெனால் கிடையாது. இதை அவளே இன்னொரு மனுஷன் வாயைப் பற்றிச் சொல்லும் தொனியில் சொல்லிக்கொள்கிறாள், சொல்லும்போதே சுத்தியலின் நுனி காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறது. பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்க்கிறாள். ஜன்னலில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் தெரிந்துபோச்சா?

தனக்குத்தானே கட்டிக்கொண்ட பந்தயம் என்னவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரும்பு உடையாமல் இருந்தால் கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கை நன்றாக இருந்தால் நாளைக் காலை அல்போன்ஸின் கடைவாய்ப் பல்லில் கை வைப்பாள். அல்போன்ஸ் லாரி ஷெட் வைத்திருப்பவர், தூண் மாதிரி மனுஷன், அவர் பல்லுக்கோ வேர் கொக்கி மாதிரி வளைந்து போகிறது, வேறு டாக்டரிடம் அனுப்பினால் போக மாட்டேன், நீங்க கை வச்சாத்தான் வாயைத் திறப்பேன் என்று அடம். கொஞ்ச காலமாகவே வேர் சிகிச்சையை எல்லாம் நண்பர் ஒருவரிடம் அனுப்பிவிடுகிறாள், இடுப்பு வலி, குனிய முடியல என்று சொல்லி. நர்ஸ் ஸ்டெல்லா பாவம், நம்பிக்கொண்டு மருந்துக்கடையிலிருந்து இடுப்புக்குப் பட்டை வாங்கி வந்தாள். இடுப்பு இரும்பு மாதிரி இருக்கிறது. வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடிதான் ஒரு நாள் ஒரு பையனின் பல்லில் பட்டு டிக் டிக் டிக் என்றது. அந்தப் பையன் அது ஏதோ சோதனை என்று நினைத்து இன்னும் அகலமாக வாயைத் திறந்தான். காப்பி அதிகம், என்று நினைத்தாள். காப்பியை நிறுத்தினாள். தூக்கம் போதவில்லை, என்று நினைத்தாள். தூங்கினாள். அப்புறம் நினைப்பதை நிறுத்தினாள். அப்பா மதுரையில் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். இவள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் முன்னால் பாயச டம்ளர் அவர் கையில் ஆடி ஆடி வேஷ்டியெல்லாம் முந்திரி. சிரித்தார். அதற்கப்புறம் எங்கே உட்கார்ந்தாலும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்வார். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் அது இல்லை என்றுகூடக் கொஞ்ச நாள் இருந்தது. நான் அப்பா இல்லை. அப்பா முத்திரை குத்தினார், முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தால் கடுதாசி போய்ச் சேராதா என்ன. என் கோணல் ஒருத்தரின் தாடைக்குள் விழும். அதனால்தான் இந்தப் பந்தயம், பந்தயம் என்றால் நியாயமான பந்தயம், உடைந்தால் ஒத்துக்கொள்வேன், உடையாவிட்டால், உடையாவிட்டால், கயலு, நீ ராணி. அடி.

டக். விழுந்துவிட்டது. அவள் அடித்தாளா, சுத்தியல் தானாக விழுந்ததா, தெரியவில்லை, சரிவின் நடுவில் கடுகளவுக்கு ஒரு பள்ளம், இருக்க வேண்டிய இடத்தில், மெத்தென்ற இரும்பில். மூச்சு வெளியே வருகிறது. இன்னொன்று. டக். வீடியோவில் அந்தக் கிழவர் சுத்தியலை நகர்த்தவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது, சுத்தியல் ஒரே இடத்தில் எழுந்து விழுந்துகொண்டிருந்தது, இடது கைதான் இரும்பை அடியில் மெல்ல நகர்த்திக்கொண்டு போயிற்று, தையல் மிஷினில் துணி போகிற மாதிரி. இவள் வலது கையையே முறைத்துக்கொண்டிருந்தாளே. இறுக்கிப் பிடித்தால் ஆடுகிறது, விரலைத் தளர்த்தினால் சுத்தியல் தன் கனத்தில் தானே விழுகிறது, விழுகிற பொருளுக்கு நடுக்கம் ஏது. டக் டக் டக். பல்லைத் தட்டிப் பார்ப்பாளே அந்தக் காது விழித்துக்கொள்கிறது. நல்ல பல் ஒரு மாதிரி சொல்லும், வேரில் சீழ் வைத்த பல் வேறு மாதிரி சொல்லும். இரும்பும் சொல்கிறது, தண்டவாளத்தில் சரியாகப் படிந்திருந்தால் டக், படியாமல் அந்தரத்தில் இருந்தால் டங். டங் என்றால் நிறுத்து, நகர்த்து, படியவை. டக் டக். நெற்றி வேர்வை புருவத்தில் வந்து நிற்கிறது, துடைக்கக் கை இல்லை, நிற்கட்டும். ஹாலில் யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும், கூட்டம் கத்துகிறது, இவளுக்காகத்தான் கத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டக் டக் டிக். டிக்? என்ன டிக்? சுத்தியலை வைக்கிறாள். இரும்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறாள். ஓரத்தில் ஒரு கோடு. மயிர்க்கோடு. உடைந்துவிட்டது. அவ்வளவுதான். அல்போன்ஸிடம் என்ன சொல்வது, ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது, கிளினிக் போர்டில் பெயரை யார் அழிப்பது, வாடகைக்கு வந்த நாளில் அந்தப் போர்டை மாட்டியது மாசிலாமணி, ஏணியில் நின்றுகொண்டு கோணலா கோணலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நகத்தால் கோட்டை வருடுகிறாள். நகம் மாட்டவில்லை. விரிசல் என்றால் நகம் மாட்டும், வேலை கற்ற முதல் வருஷத்திலேயே கற்ற பாடம். மேஜைத் துணியால் அழுத்தித் துடைக்கிறாள். கோடு துணியோடு வந்துவிடுகிறது. கோடு இல்லை அது, முடி. தன் தலைமுடி, நரைத்தது, வேர்வையோடு விழுந்து ஒட்டிக்கொண்டது. டிக் என்றது மேஜை விளிம்பில் வளையல். அட பாவி. அங்கயற்கண்ணி அந்த வெக்கை அறையில் தனியாக நின்று தோள் குலுங்கச் சிரிக்கிறாள். வளையலைக் கழற்றி அலமாரியில் வைக்கிறாள். வரிசையாகத் தட்டி முடிக்கிறாள், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, டக் டக் டக், ஒன்றுகூட எஃகில் விழவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று ஓடுகிறது, அல்லது அவள் ஓடுகிறாள். கல்லில் தண்ணீர் தெளித்து முதுகைப் படியவைத்துத் தேய்க்கிறாள், இந்த முறை ஆசைக்குத் தேய்க்கவில்லை, நாலு இழுப்பு, எடுத்துப் பார், நாலு இழுப்பு, எடுத்துப் பார். முதலில் ஒரு மூலையில் மட்டும் மினுக்கியது. அப்புறம் மறு மூலையில். நடுவில் இருட்டு. தேய்க்கத் தேய்க்க இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருகின்றன, வா, வா, இன்னும் கொஞ்சம், சேர்ந்துவிட்டன. ஓரம் முழுக்க நூல் கனத்துப் பளபளப்பு. எந்தப் பல்லையும் கட்டி முடித்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை அவள். சரிவைத் தீட்டுகிறாள், பிசிரை நீவி எடுக்கிறாள், கட்டையில் செருகி இரும்பின் தலையில் செல்லமாக ஒரு தட்டு, கட்டையைக் கவிழ்த்துக் கண்ணோடு சேர்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இரும்பின் கூர் ஒரு கறுப்பு இழையாக எட்டிப் பார்க்கிறது, அதிகம், கட்டையின் பின்னால் ஒரு தட்டு, உள்ளே போ, ம், அங்கேயே இரு. பைன் பலகை மேஜையில் காத்திருக்கிறது, பிசின் வாசனை. முதல் இழுப்பில் தூள் வந்தது. இரண்டாவதில் நார் வந்தது. பலகையின் மேடெல்லாம் போக வேண்டுமே, இழு, இழு. பிறகு ஒரு இழுப்பில் சத்தம் மாறிற்று. கறகற என்று இருந்தது சட்டென்று உஸ்ஸ் என்றாகிவிட்டது, யாரோ காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரி, அவள் பின்னால் ஒரு அடி வைக்கிறாள், இன்னொரு அடி, முதுகு பீரோவில் இடிக்கிறது, கட்டையின் வாயிலிருந்து அது எழுந்து வருகிறது. அறுபடாமல். பலகை நீளத்துக்கு. இழைப்புளியை வைத்துவிட்டு அதை எடுத்து உள்ளங்கையில் கிடத்துகிறாள். கனமே இல்லை. கை ரேகை தெரிகிறது அதன் வழியாக, ஆயுள் ரேகை, மோதிர விரலில் பழைய தழும்பு எல்லாம். மரத்துக்குள்ளிருந்து அவள் கை தெரிகிறது. ஜெயித்தாச்சு. பந்தயம் ஜெயித்தாச்சு. நாளைக்கு அல்போன்ஸ் வாயைத் திறக்கலாம். ராணி, ராணி. அம்மா என்று கத்த வேண்டும் போல் இருந்தது, கத்தாமல் ஏங்க என்று கூப்பிட்டாள், இங்க வாங்களேன், சீக்கிரம்.

மாசிலாமணி லுங்கியை இறுக்கிக்கொண்டு, ஒரு கன்னத்தில் சோபாவின் கோடுகளோடு வந்தார். வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்ததுமே அவர் முகமும் விரிந்துவிட்டது, வந்துடுச்சா என்று கேட்டார். அவள் கையை நீட்டினாள். அவர் குனிந்து அந்தச் சுருளைப் பார்த்தார். அதன் ஓரம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. நிற்காமல், சின்னச் சின்னதாக, படபடவென்று. அவர் தன்னையறியாமல் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறி ஓடாமல் நின்றிருந்தது. ஜன்னலைப் பார்த்தார். வெளியே வேப்ப இலைகூட அசையவில்லை. மறுபடி அவள் கையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இவ்வளவு மெல்லிசாக வந்திருக்க வேண்டாம், என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் கொஞ்சம் தடியாக வந்திருந்தால் ஆடியிருக்காது. தடியான சாமானெல்லாம் இத்தனை நாள் இந்தக் கையில் ஆடாமல்தான் இருந்தது, கரண்டி, ஸ்கூட்டர் சாவி, அந்த வாய்க்கண்ணாடியைத் தவிர எல்லாம். தன் கையால் உயிரைக் கொடுத்துச் செய்த சாமானே வந்து காட்டிக்கொடுக்கிறது. கையை மூடிக்கொள்ளலாம். மூடினால் சுருள் நசுங்கிவிடும். அவளால் அதை நசுக்க முடியவில்லை.

மாசிலாமணி தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து, இங்க விடு என்றார். அவள் சாய்த்தாள். சுருள் அவர் உள்ளங்கைக்கு மாறியது, மாறியதும் அடங்கிவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உங்க கையில ஆடல” என்றாள்.

“உங்கப்பா மாதிரியே கையத் தொடைக்கடியில வச்சுக்கிட்டுதான் நீயும் டிவி பாக்குற, கயலு” என்றார் அவர். “நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை, பெரிய மூட்டை ஒன்றை இறக்கிவைத்த இடத்தில் தோள் வலிப்பதுபோல ஏதோ வலித்தது, நன்றாகக்கூட இருந்தது. பயமா இருக்குங்க, என்றாள். தெரியும் என்றார். பந்தயத்தைச் சொன்னாள், அல்போன்ஸைச் சொன்னாள், இடுப்பு வலி பொய் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், கையை மட்டும் ஆட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார், சுருள் விழுந்துவிடக் கூடாது என்று. ஆனா தட்டும்போது நடுங்கவே இல்லீங்க, ஒண்ணுகூட மாறி விழல, என்று அவள் சொன்னபோது குரல் தானாக உயர்ந்தது, அந்தக் குறுகுறுப்பு இன்னும் போகவில்லை, உள்ளங்காலில் அப்படியே இருந்தது. அது எப்படி என்று அவர் கேட்டார். தெரியாது, என்றாள், தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேக்கணும். நாளைக்குக் காலையில் நரம்பு டாக்டரைப் பார்க்கலாம், லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றார் அவர். அவள் போனை எடுத்து ஸ்டெல்லாவுக்குச் சொன்னாள், நாளை அல்போன்ஸுக்கு வேண்டாம், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று. அந்தப் பக்கம் ஸ்டெல்லா, இடுப்பா மேடம் என்றாள். இல்ல ஸ்டெல்லா, கை, என்றாள் இவள். அந்த ஒரு சொல்லைச் சொல்வது நினைத்திருந்ததைவிடச் சுலபமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு இழைப்புளியைப் பலகையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தாள். விரல்களைத் தளர்த்திப் பிடித்தாள். மாசிலாமணி முதல் சுருளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஃபேனப் போட்டுடாதீங்க, என்று சொல்லிவிட்டு அவள் இழுத்தாள்.